முப்பத்தைந்தாவது வாரம்

தலையில் எட்டு மின்வாய்கள்.
ஒவ்வொன்றும் மிளகளவு.
அதற்கு மேல் வைக்க அந்தத் தலையில் இடமில்லை.
ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம்,
இருபத்தொன்பது வாரம்.
பெயர் இல்லை. அட்டையில்
'நவமணி குழந்தை, ஆண்' என்று மட்டும்.

திருப்பூரில் மழை பெய்யாத ஐப்பசி.
வெளியே தண்ணீர் லாரி பின்னோக்கி வரும் ஓசை.
உள்ளே கண்ணாடிப் பெட்டியின் மூச்சு.

ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தாள் நவமணி,
பனியன் கம்பெனியில் அளவுச்சீட்டு பார்க்கிற கண்.
"ஆராய்ச்சிக்குன்னு தனியாக் குத்தமாட்டீங்கள்ல?"
மாட்டோம்.
ரத்தம் எடுக்கக் குதிகாலில் எப்படியும் குத்துவார்கள்;
அப்போது நாங்கள் தலையைக் கேட்டுக்கொண்டிருப்போம்.
கையெழுத்துப் போட்ட விரலில்
நகம் இரண்டாகப் பிளந்து சேர்ந்திருந்தது.
"ஓவர்லாக் ஊசிங்க. ஏறினப்ப ஒண்ணுமே தெரியலீங்க.
துணியில ரத்தம் பட்டிருச்சேன்னு பார்த்தம் பாருங்க,
பொறவுதான் வலிச்சுது."

முதுகுத்தண்டின் வாசலுக்கு
மூளை மேலிருந்து ஆள் அனுப்பி
வலியைச் சித்தெ நிற்கச் சொல்லும்.
எனக்கு அது பத்து வருடப் படிப்பு.
அவளுக்கு ஒரு ஷிப்ட்.
அவள் பிள்ளைக்கு அனுப்ப இன்னும் ஆளில்லை.

ஜெசிந்தா சிஸ்டர் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு
இரண்டு நிமிடம் கடிகாரம் பார்த்தார்.
முதலில் ரப்பர் நுனியால் குதிகாலைத் தொட்டேன்.
திரையில் ஒரு பெரிய அலை,
அதன் முதுகில் சிறு சிறு நடுக்கங்கள்.
பிறகு ஊசி.
அதே அலை. அதே நடுக்கங்கள்.
பூனைக்குட்டி அளவுக்கு ஓர் அழுகை.

"அப்ப வலிக்கலீங்களா?"
"வலிக்கலைன்னு சொல்ல முடியாதுங்க.
எது தொடுறது, எது குத்துறதுன்னு
மூளைக்கு இன்னும் பிரிக்கத் தெரியல."
யோசித்தாள்.
"நாய்க்குட்டியாட்டம். ஒறம்பரை வந்தாலும் கள்ளன் வந்தாலும்
ஒரே கொரைப்பு."
என் கட்டுரையில் இவ்வளவு தெளிவாக ஒரு வரி கிடையாது.

என் வயிற்றில் ஒரு வடு உண்டு, கம்பளிப்பூச்சி நீளம்.
எண்பத்து மூன்றில், பிறந்த இருபதாம் நாள்,
கோவையில் ஒரு நர்சிங் ஹோம்.
பழைய தாளை ஒருமுறை கேட்டு வாங்கினேன்.
உடம்பு அசையாமலிருக்க மருந்து எழுதியிருந்தது.
வலிக்கு எதுவுமில்லை.
பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்பது அன்றைய பாடம்.
கோபமில்லை. ஞாபகமும் இல்லை.
சட்டைப் பொத்தான் அங்கே உரசினால் மட்டும்
உடம்பு எனக்கு முன்னால் எழுந்து நிற்கிறது.

பொழுதோட, ஷிப்ட் முடிந்த புருஷன் சோறு கொண்டுவருவான்.
அவள் சாப்பிடும்வரை
அவன் சட்டையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்வான்.
சாய நீலம் போகாத நகங்கள்.

முப்பதாவது வாரமும் அதே. முப்பத்திரண்டிலும்.
முப்பத்து மூன்றில் கரண்ட் போய்ப் பதிவு பாழ்.
முப்பத்து நான்கில் பெயர் வைத்தார்கள்: சேந்தன்.

முப்பத்தைந்து. வியாழக்கிழமை.
தொட்டேன்.
சின்ன வளைவு, வந்த சுவட்டில் அடங்கியது.
ஊசி.
எழுந்தது வேறொன்று,
உச்சந்தலைக்கு நேராக, கூர்மையாக,
இதுவரை அந்தத் தலையில் இல்லாதது.
பக்கத்திலிருந்த மாணவன் கைதட்டப் போய்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பிரிக்கத் தெரிஞ்சிருச்சுங்களா?"
"தெரிஞ்சிருச்சுங்க."
"நல்லதுதானுங்களே?"
நல்லதுதான் என்றேன்,
கோப்புக்குத் தேதி போட்டபடி.

மின்வாய்களை எடுத்தேன். பசை காய்ந்திருந்தது.
வெந்நீரில் பஞ்சை நனைத்தபோது
"இங்கெ குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.
பிளந்த நகம் படாமல், விரலைச் சாய்த்து,
எட்டு இடங்களையும் துடைத்தாள்.
சேந்தனின் கால்விரல்கள் ஒருமுறை விரிந்து மூடின.
உள்ளே என்ன எழுந்ததோ.
திரையை நான் அணைத்திருந்தேன்.